விடிந்ததும் அவளோடு ஒரு கிளாஸ்

ஜப்பானின் இரும்பாலை ஊரான தோபாதாவில் கோகா ஷுன்சாகுவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஒரு விஷயம் தெரியும்: அந்த மனிதனுக்குக் குடி ஒத்துவராது. சாக்கே என்கிற அரிசி மது ஒரு கிண்ணம் உள்ளே போனால் காது மடல் சிவக்கும். இரண்டாவதில் கழுத்தும் மார்பும் வெந்த இறால் நிறத்துக்கு வந்துவிடும். மூன்றாவதை அவன் குடித்து யாரும் பார்த்ததில்லை. அதற்குள் சுவரோரமாகச் சாய்ந்து தூங்கியிருப்பான்.

அவன் மனைவி தொமோயே நேர்மாறு. அவள் குடும்பத்துப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். எவ்வளவு ஊற்றினாலும் முகம் மாறாது, பேச்சு குழறாது, மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து மிசோ சூப் வைத்துவிடுவாள். கல்யாண விருந்தில் மாப்பிள்ளைக்கு மரியாதைக்காக ஊற்ற வந்த கிண்ணங்களையெல்லாம் மணப்பெண்தான் கை நீட்டி வாங்கிக் குடித்து அவனைக் காப்பாற்றினாள். உறவுக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இருவருக்கும் பகல் வேலை. அவனுக்கு இரும்பாலையில் இயந்திரப் பழுது பார்க்கும் பிரிவு. அவளுக்கு சாப்பாட்டுப் பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் முட்டை அடையைச் சுருட்டுகிற மேசை. பிள்ளைகள் இல்லை. சாயங்காலமானால் தவிட்டு விழுதில் கொதிக்க வைத்த கானாங்கெளுத்தியை நடுவில் வைத்துக்கொண்டு எதிரெதிரே உட்காருவார்கள். அவள் பாட்டிலில் பாதியைக் காலி செய்வாள். அவன் ஒரு கிண்ணத்தை வைத்துக்கொண்டு உருட்டுவான். அன்றைக்கு யார் யாரைத் திட்டினார்கள், யார் யாரிடம் அசடு வழிந்தார்கள் என்று பேச்சு ஓடும். அந்தக் கொஞ்ச நேரம்தான் தங்கள் குடும்பம் என்று தொமோயே நினைத்திருந்தாள்.

பழுது பார்க்கும் பிரிவை மூடினார்கள். ஷுன்சாகுவை இரும்பைத் தகடாக உருட்டுகிற உருட்டாலைக்கு மாற்றினார்கள். அங்கே முறைவேலை, அவனுக்குப் பெரும்பாலும் இரவுதான் விழுந்தது. அவள் காலையில் செருப்பு மாட்டும்போது அவன் இன்னும் வந்திருக்க மாட்டான். அவள் திரும்பும்போது அவன் வேலை உடுப்பு மடித்து வைத்த பையோடு வாசலில் நிற்பான். "மீன் அடுப்புல இருக்கு." "சரி, பாத்துப் போ." இவ்வளவுதான் பேச்சு. எதிரே ஆளில்லாமல் அவளுக்கும் பாட்டில் இறங்கவில்லை. கொஞ்சம் ஊற்றுவாள், டிவி பார்ப்பாள், படுத்துவிடுவாள்.

அவன் தலையணையில் ஷோச்சுச் சாராய வாடை வருவதை முதலில் அவள் பொருட்படுத்தவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் யாராவது கட்டாயப்படுத்தியிருப்பார்கள் என்று விட்டுவிட்டாள். அந்த வாடைக்கு ஒரு முகம் இருக்கிறது என்பதை அவளுக்குச் சொன்னவள் பக்கத்து மேசை தெரூயோ.

"உன் வீட்டுக்காரர் பெரிய ஆளாயிட்டார் போலிருக்கே, தொமோயே."

"யாரு, ஷுன்னா? அவன் என்ன பண்ணான்?"

"கிகுயோ கடைல பார்த்தேன், காலங்காத்தால. கிளாஸ் கிளாஸா இறக்கிட்டு இருந்தார்."

"வேற யாரையாவது பார்த்திருப்பே. அவன் பாட்டில் மூடிய மோந்தாலே படுத்துருவான்."

"கோகா ஷுன்சாகுவ எனக்குத் தெரியாதா? பக்கத்துல அந்தப் பொண்ணு நிக்கறா. கிரேன் ஓட்டுறாளே, முனகாதா வீட்டுப் பொண்ணு. அவளும் ஈடுகொடுத்து இறக்கறா. ரெண்டு பேரும் சிரிக்கறது ரோடு வரைக்கும் கேக்குது." சொல்லிவிட்டு தெரூயோ குனிந்து முட்டையைச் சுருட்ட ஆரம்பித்தாள். வேண்டியதைப் போட்டாகிவிட்டது, இனி அது தானே வேகும் என்பது போல.

அது வெந்தது. நன்றாகவே வெந்தது. அன்று முழுக்க தொமோயே சுருட்டிய முட்டை ஒன்றுகூட ஒழுங்காக வரவில்லை. வேறு பெண்ணோடு நின்றான் என்பதைக்கூட அவள் தள்ளிவிட்டிருப்பாள். கூட வேலை செய்கிறவள், நிற்கத்தான் செய்வாள். ஆனால் கிளாஸ் கிளாஸாக என்றால் என்ன அர்த்தம்? இத்தனை வருஷம் என் எதிரே உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைத் தாண்டாதவன், அவள் பக்கத்தில் நின்றால் மட்டும் எப்படிக் குடிக்கிறான்? என்னோடு இறங்காதது அவளோடு இறங்குகிறதென்றால் கோளாறு எங்கே இருக்கிறது?

விடுமுறை நாளில் அவள் மெதுவாகத்தான் ஆரம்பித்தாள்.

"உங்க பிரிவுல கிரேன் ஓட்டுறது ஒரு பொண்ணாமே?"

"ஆமா, அகானே. நல்ல கை. ஒரு முட்டைய வெச்சாக்கூட உடையாம இறக்குவா."

தொமோயேவுக்கு அந்த முட்டை காதில் விழவில்லை. விழுந்தது பெயர் மட்டும்தான். உடன் வேலை செய்கிற ஆண்களை அவன் பத்து வருஷமானாலும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவான். இவள் முனகாதா இல்லை. அகானே.

"அகானேவா?"

"எல்லாரும் அப்படித்தான் கூப்பிடறாங்க."

"அவளோட எத்தனை கிளாஸ் குடிக்கறே?"

அவன் சாப்பாட்டுக் குச்சியைக் கீழே வைத்தான். "யார் சொன்னா?"

"எத்தனைன்னு கேட்டேன்."

"எண்ணல. அது என்னவோ காலைல இறங்குது, தொமோயே. ஏன்னு எனக்கே தெரியல. முன்ன மாதிரி சிவக்கறதும் இல்ல."

"காலைல இறங்குதா, அவ பக்கத்துல இறங்குதா?"

"பைத்தியம் மாதிரி பேசாத."

"இப்ப ஊத்தறேன், குடி பாப்போம்." அவள் எழுந்துபோய் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தாள். அவன் அவளைப் பார்த்தான், பாட்டிலைப் பார்த்தான், எழுந்து போய்ப் படுத்துக்கொண்டான். குடிக்க மறுத்தது அவளுக்குக் குடித்ததைவிட மோசமாகப் பட்டது.

அடுத்த வாரம் வேலைக்குத் தாமதமாகப் போவதாகச் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு கிகுயோ கடைக்கு எதிரே குளிர்பான இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றாள். தோபாதாவில் இரவு வேலை முடித்து வருகிறவர்களுக்குக் காலைதான் சாயங்காலம். அதனால் கிகுயோ அக்கா விடிந்ததுமே கதவைத் திறந்துவிடுவாள். உள்ளே நாற்காலி கிடையாது. பீர் பெட்டிகளை அடுக்கி மேலே பலகை போட்டிருக்கும். நின்றுகொண்டே குடிக்க வேண்டியதுதான். வெயில் கண் கூசும்படி அடித்தது. பள்ளிப் பிள்ளைகள் மஞ்சள் தொப்பியோடு கடையைத் தாண்டிப் போனார்கள். உள்ளே கடைக்கோடிப் பலகையில் ஷுன்சாகுவும் அவளும் நின்றார்கள்.

அழகி என்று சொல்ல முடியாது. தோள் அகலமான, தலைமுடியை ஒட்ட வெட்டிய பெண். தலைக்கவசத்தின் வார் அழுத்திய தடம் தாடையில் தெரிந்தது. ஷுன்சாகு எதையோ சொன்னான். அவள் வாயைக்கூடப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தாள். அவன் கிளாஸைத் தூக்கினான், அவளும் தூக்கினாள். பிறகு அவள் தன் தட்டிலிருந்த மீனில் முள்ளை எடுத்துவிட்டு, சதையை மட்டும் குச்சியால் தள்ளி அவன் தட்டில் வைத்தாள். அவன் அதைக் கவனிக்காமலே எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

கவனித்திருந்தால்கூட தொமோயே பொறுத்துக்கொண்டிருப்பாள். கவனிக்காமல் சாப்பிட்டானே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அது பழகிப்போனவன் சாப்பிடுகிற சாப்பாடு. தன்னுடைய சாயங்காலத்தை யாரோ அப்படியே பெயர்த்துக்கொண்டு வந்து இந்தக் கடையில் வைத்துக்கொண்டுவிட்டதாக அவளுக்குத் தோன்றியது. மீன் இருக்கிறது, ஊர்வம்பு இருக்கிறது, எதிரே உட்கார வேண்டியவள் மட்டும் மாறிவிட்டாள்.

அன்றே மேற்பார்வையாளரிடம் போய் தன்னை இரவு வரிசைக்கு மாற்றச் சொன்னாள். கடைகளுக்குக் காலையில் போகிற சாப்பாட்டுப் பெட்டிகளை இரவில்தான் அடுக்குவார்கள். ஆள் கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருந்த அவர் இவளுக்குக் கும்பிடாத குறை. ஷுன்சாகுவிடம் அவள் எதுவும் சொல்லவில்லை. அவள் கணக்கு எளிமையானது: இனி அவனுடைய காலை என்னுடைய காலையும்தான். அந்தக் கடையில் அவளுக்குப் பக்கத்தில் போய் நிற்பேன். யார் எவ்வளவு குடிக்க முடியும் என்பதை அந்த முனகாதா பெண்ணுக்குக் காட்டுவேன்.

முதல் இரவு வேலை முடிந்து கண் மணல் விழுந்தது போல எரிய, அவள் கிகுயோ கடைக் கதவைத் தள்ளினாள். ஷுன்சாகு திரும்பிப் பார்த்து வாயைப் பிளந்தான். அந்த முகத்தில் அவள் எதிர்பார்த்த பயம் இல்லை. சந்தோஷம் போல ஒன்று இருந்தது. அதுவே அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது.

"அட, தொமோயே! இங்க எப்படி?"

"நானும் ராத்திரி வேலைதான் இனி. ஏன், வரக்கூடாதா?"

"வராம? அகானே, இதான் என் பொண்டாட்டி. சொல்லிருக்கேனே, எங்க ஊரையே குடிச்சுத் தோக்கடிச்சவ."

அகானே தலையைத் தாழ்த்தி வணங்கினாள். "உங்களப் பத்திப் பேசாத நாளே கிடையாதுங்க, அக்கா. இன்னிக்கு நேர்ல பாத்துரலாம் போல."

சவால்தான் விடுகிறாள் என்று தொமோயே எடுத்துக்கொண்டாள். "அக்கா, அவங்க குடிக்கறதையே எனக்கும் ஊத்துங்க" என்று கிகுயோவிடம் சொன்னாள். கிகுயோ ஒரு கணம் தயங்கிவிட்டு, ஷோச்சுவில் தண்ணீரும் பனிக்கட்டியும் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தொமோயே கிளாஸைத் தூக்கி ஒரே மூச்சில் இழுத்தாள்.

பாதி தொண்டையிலேயே நின்றுவிட்டது. துருப்பிடித்த ஆணியை வாயில் போட்டது போல ஒரு ருசி. கெட்டுப்போன சரக்கோ என்று மோந்து பார்த்தாள். அவளுக்கு நன்றாகத் தெரிந்த அதே வாற்கோதுமை வாசனைதான். இன்னொரு வாய் எடுத்தாள். அது இன்னும் மோசம். அவள் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதே ஷுன்சாகு இரண்டாவதை முடித்து மூன்றாவதுக்குக் கை காட்டினான். முகத்தில் ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. பக்கத்தில் அகானேயின் கிளாஸும் காலி.

"என்னம்மா, இன்னிக்கு விரதமா?" என்று அடுத்த பலகையிலிருந்து ஒரு கிழட்டுக் கொத்தனார் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். ஷுன்சாகுவும் சிரித்தான்.

ஒரு நாள் களைப்பு என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் மறுநாளும் அப்படித்தான், அடுத்த வாரமும் அப்படித்தான். வேலை முடிந்து வருகிற வழியில் இன்றைக்கு எப்படியாவது என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு வருவாள். கிளாஸை மூக்கருகே கொண்டு போனதும் உடம்பு மறுத்துவிடும். பிறந்ததிலிருந்து கூட இருந்த ஒரு திறமை, கையோ காலோ போலத் தன்னுடையது என்று நினைத்திருந்தது, இந்தப் பெண்ணுக்கு முன்னால் வைத்துத்தான் கைவிட வேண்டுமா? அகானேயோ ஒவ்வொரு காலையும் நிதானமாகக் கிளாஸைக் காலி செய்தாள். தொமோயே அவள் தொண்டை அசைவதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவ்வளவு வெறுப்போடு அவள் யாரையும் பார்த்ததில்லை.

மழைக்காலம் தொடங்கியிருந்தது. ஒரு காலை ஷுன்சாகு கழிப்பறைக்குப் போயிருந்த நேரத்தில் தொமோயே பிடிவாதமாகக் கண்ணை மூடிக்கொண்டு தன் கிளாஸை முழுசாக உள்ளே கவிழ்த்தாள். அடுத்த நொடி வாயைப் பொத்திக்கொண்டு பின்கதவு வழியாக ஓடினாள். காலி பாட்டில் பெட்டிகளுக்குப் பக்கத்தில் சாக்கடையோரம் குனிந்து எல்லாவற்றையும் கொட்டினாள். யாரோ பின்னால் வந்து தோளைப் பிடித்துக்கொண்டார்கள். திரும்பினால் அகானே, கையில் தன் கிளாஸோடு.

"விடுங்க" என்று சொல்ல நினைத்தாள். ஆனால் வாய் அவ்வளவு கசந்தது. ஆத்திரத்தில் அந்தக் கிளாஸைப் பிடுங்கி, அவளுடைய ஷோச்சுவாலேயே வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுவது என்று மடக்கென்று ஊற்றிக்கொண்டாள்.

வெறும் தண்ணீர். பனிக்கட்டி போட்ட பச்சைத் தண்ணீர்.

தொமோயே வாயைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். அகானே கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "உள்ள யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கிகுயோ அக்காவுக்கு மட்டும்தான் தெரியும்."

"எத்தனை நாளா இது?"

"ராத்திரி வேலைக்கு வந்ததுலேர்ந்தே. அதுக்கு முன்னாடி நானும் மொடாக்குடி. உங்க கதையெல்லாம் கேட்டா நம்ம ஆளுன்னு தோணும். அப்புறம் என்னவோ, ஒரு வாய் இறங்கல. இரும்பு ருசி."

"துருப்பிடிச்ச ஆணி மாதிரி."

"அதேதான்! உங்களுக்குமா?" அகானேயின் முகம் மலர்ந்தது. "ஆலை நர்ஸ்கிட்ட கேட்டேன். எலிங்கள வெச்சு பாத்திருக்காங்களாம். உடம்புக்குள்ள ஓடற கடிகாரத்தக் குழப்பிவிட்டா ஆண் எலி முன்னவிட அதிகமாக் குடிக்குதாம், பெண் எலி குறைச்சுக்குதாம். மனுஷங்களுக்கும் அப்படியான்னு தெரியாது, பெரிசா நினைக்காதீங்கன்னாங்க."

"எலியா?"

"எலிதான்."

தொமோயேவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை மாதமாக நெஞ்சைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தது ஒரு எலி விஷயத்துக்கா? "அப்ப எதுக்கு தினமும் வந்து நிக்கறீங்க? தண்ணிய வீட்டுலயே குடிக்கலாமே."

"பன்னெண்டு ஆம்பளைங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி. எல்லாப் பேச்சும் இங்கதான் நடக்குது. அடுத்த வாரம் யாருக்கு எந்த வேலை, யார் மேல யாருக்குக் கோபம், எல்லாம். குடிக்காதவ பக்கத்துல வாய தொறக்க மாட்டாங்க. உங்க வீட்டுக்காரர் பக்கத்துல ஏன் நிக்கறேன்னா, அவர் ஒருத்தர்தான் என் கிளாஸ எடுத்து மோந்து பாக்காதவர்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அக்கா, ஒண்ணு சொல்லலாமா? அவர் ரொம்பக் குடிக்கறார். நான் பல தடவை சொல்லிட்டேன். வெறும் வயத்துல குடிக்காதீங்கன்னு மீனைக்கூட நான்தான் தள்ளித் தள்ளி வெக்கறேன். கேக்க மாட்டேங்கறார்."

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அதுவரை தொமோயே பயந்தது அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்த சிரிப்பைப் பார்த்து. இப்போது வலித்தது வேறு. அவன் குடிப்பதை இவளும்தான் தினமும் பார்த்தாள். ஆனால் யாரோடு என்று பார்த்தாளே தவிர எவ்வளவு என்று பார்க்கவில்லை. அவனுக்காகக் கவலைப்பட்டவள் இந்தப் பெண். மனைவி செய்ய வேண்டிய வேலையை வேறொருத்தி செய்து முடித்திருக்கிறாள். அதற்கு அவள்மேல் கோபப்படவும் வழியில்லை.

வீட்டுக்கு வந்ததும் கறுப்புத் திரையை இழுத்துவிட்டுப் படுக்கப் போனவனை நிறுத்தினாள். "குடிய விடு, ஷுன்."

"அகானே சொல்லிக் கொடுத்தாளா?"

"நான் சொல்றேன்."

"நீ!" அவன் படுக்கையில் உட்கார்ந்தான். "நீ சொல்றே. வேடிக்கைதான்."

"என்ன வேடிக்கை?"

அவன் காலுறையைக் கழற்றிச் சுருட்டினான். வெளியே பக்கத்து வீட்டுக்காரி குப்பை வண்டிக்காரனோடு சத்தமாகப் பேசுவது கேட்டது. "இந்த வேலைக்கு வந்த புதுசுல தூக்கமே வரல. கண்ண மூடினா உருளைங்க சுத்தும். ரெண்டு கிளாஸ் போட்டா தூங்கலாம்னு ஒருத்தன் சொன்னான். போட்டேன். சிவக்கல. இன்னொண்ணு போட்டேன், அப்பவும் ஒண்ணும் ஆகல. அன்னிக்கு எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? இத தொமோயே பாக்கணுமேன்னு தோணுச்சு."

"நானா?"

"கல்யாணத்தன்னிக்கு என் கிண்ணத்தையெல்லாம் நீ வாங்கிக் குடிச்சே. காப்பாத்தினதா நெனச்சே. எங்க மாமா இன்னிக்கும் அதச் சொல்லிச் சிரிக்கறார். தினமும் சாயங்காலம் எதிர்ல உக்காந்து நீ சாதாரணமா ஊத்திக் குடிப்பே, நான் ஒரு கிண்ணத்த வெச்சு உருட்டிட்டு இருப்பேன். எனக்கு வயிறு எரியும், தொமோயே. வருஷக்கணக்கா எரிஞ்சுது."

அவள் அவன் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பொறாமை தன்னுடைய சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது இந்த வீட்டில் முன்னாலேயே குடியிருந்திருக்கிறது. மீனுக்கு அந்தப் பக்கம், தினமும் இவளைப் பார்த்தபடி. "ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் ஊர் பூரா சொல்லிச் சிரிப்பே."

அவள் யோசித்துப் பார்த்தாள். சிரித்திருப்பாள்தான்.

மனம்விட்டுப் பேசியதால் குடி நின்றுவிடவில்லை. சில நாள் குறைத்தான். பிறகு படுக்கப் போகும்முன் மட்டுமல்ல, வேலைக்குக் கிளம்பும்முன்னும் ஊற்றிக்கொள்ள ஆரம்பித்தான். அவள் பாட்டிலை ஒளித்தாள், அவன் வேறு வாங்கினான். அந்தச் சமயத்தில்தான் உருட்டாலையில் அது நடந்தது. தலைக்கு மேல் இரும்புச் சுருள் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஷுன்சாகு தரையில் போட்ட மஞ்சள் எல்லைக் கோட்டைத் தாண்டி அதன் அடியில் நடந்து போனான். அகானே கிரேனை நிறுத்தினாள். சுருளை அப்படியே அந்தரத்தில் விட்டுவிட்டு, அந்த ஆளைத் தளத்திலிருந்து வெளியே கூட்டிப் போகிறவரை கையை அசைக்க மாட்டேன் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டாள். ஏன் என்று பிரிவுத் தலைவன் கேட்டதற்கு, "கோகா சான் குடிச்சிருக்கார்" என்று மரியாதைச் 'சான்' கூடக் குறையாமல் சொன்னாள். அத்தனை பேருக்கும் கேட்டது.

ஆலை மருத்துவர் ஊதச் சொன்னார், ரத்தம் எடுத்தார், ஈரல் வீங்கியிருக்கிறது என்றார். அவனை முறைவேலையிலிருந்து எடுத்துப் பகல் நேரக் கிடங்குக்கு அனுப்பினார்கள். சிகிச்சைக்குப் போனால்தான் அதுவும் என்றார்கள். அவன் போனான். முதல் வாரங்கள் கொடுமை. கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், எதிரே பட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான். தொமோயே மறுபடி பகல் வரிசைக்கு மாறிக்கொண்டு கூடவே இருந்தாள். இலையுதிர் காலம் வருவதற்குள் அவன் இரவில் தூங்க ஆரம்பித்தான். அவளுக்கு சாக்கேயின் ருசி திரும்பி வந்துவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் தற்செயலாக வாயில் வைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வீட்டில் அவள் பாட்டிலைத் திறப்பதில்லை.

அகானேயை அவன் மன்னிக்கவில்லை. "பக்கத்துல நின்னு சிரிச்சுட்டே இருந்தவ, ஊருக்கு முன்னாடி மானத்த வாங்கிட்டா" என்பான். உருட்டாலையில் மற்ற ஆண்களும் மன்னிக்கவில்லை. கூட நின்று குடித்தவள் காட்டிக்கொடுத்தாள் என்ற பேச்சு தெரூயோ வாய் வழியாக முட்டை மேசைக்கும் வந்து சேர்ந்தது. தெரூயோவுக்கு அதில் ஒரே சந்தோஷம். "உனக்கு இப்ப மனசு குளிர்ந்திருக்குமே" என்றாள்.

குளிரத்தான் செய்தது, ஒரு ஓரத்தில். ஆனால் அவன் உயிரோடு உட்கார்ந்து சோறு சாப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் தொமோயேவுக்கு அந்தரத்தில் தொங்கிய இரும்பு நினைவுக்கு வந்தது. ஒரு விடுமுறை நாள் காலையில், சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு கிகுயோ கடைக்குப் போனாள்.

ஆண்கள் எல்லோரும் வாசல்பக்கப் பலகைகளில் நெருக்கியடித்து நின்றிருந்தார்கள். கடைக்கோடியில் அகானே தனியாக நின்றாள். அவளைச் சுற்றி மூன்று பேர் நிற்கிற இடம் காலியாக இருந்தது. இவள் உள்ளே வந்ததும் பேச்சு அடங்கியது. கோகா பெண்டாட்டி சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தொமோயே நேராகப் போய் அகானேயின் பக்கத்தில் நின்றாள். "அக்கா, இவங்க குடிக்கறதையே எனக்கும் ஊத்துங்க" என்று கிகுயோவிடம் உரக்கச் சொன்னாள். கிகுயோ உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"ஏன் வந்தீங்க?" என்றாள் அகானே மெதுவாக. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

"நிக்கத்தான்."

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான்" என்றாள் தொமோயே. "இப்பவும் அவ்வளவாப் பிடிக்கல. மீன் கொண்டுவரச் சொல்லவா?"

அகானே சிரித்தாள், பழையபடி வாயைப் பொத்தாமல். மீன் வந்தது. இருவரும் ஆளுக்கொரு பக்கமாக முள்ளை ஒதுக்கினார்கள். கிளம்பும் நேரத்தில் அகானே கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "கோகா சான் இப்ப நல்லாத் தூங்கறாரா?"

"தூங்கறான்" என்றாள் தொமோயே. அகானே தலையை ஆட்டிவிட்டு, காலிக் கிளாஸைப் பலகையில் மெதுவாகச் சுழற்றினாள். அந்தக் கேள்வியில் தன் கணவனைப் பற்றிய அக்கறை எவ்வளவு இருக்கிறது என்று தொமோயே அளந்து பார்த்தாள். தேவைக்கு மேலேயே இருந்தது.

வீட்டில் ஷுன்சாகு பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தான். அவள் பையில் காய்கறி எதுவும் இல்லாததைப் பார்த்தான். "கிகுயோ கடைக்கா போனே?"

"ஆமா."

"அவ இருந்தாளா?"

"இருந்தா."

அவன் ஒரு சட்டையை உதறினான், கவ்வி மாட்டினான், மறுபடி கழற்றி வேறு இடத்தில் மாட்டினான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்: "என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

தொமோயே பையை மேசைமேல் வைத்தாள். "இல்ல" என்றாள். "ஒண்ணும் கேக்கல."